‘யூ நோ’ : ஓர் ஆங்கிலப் பேச்சுத் தொடரும் தமிழ் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக வழங்கும் சிறு தொடர்களுள் ‘யூ நோ’ என்பது ஒன்று. சொல்லுக்குச் சொல் நோக்கின் ‘நீ அறிவாய்’ என்பதே இதன் பொருள். ஆயின் இத்தொடர் வரும் இடங்களுள் பலவற்றில் கேட்பவர் எதனையும் முன்னரே அறிந்திருப்பதில்லை. அறிந்திருப்பதாகப் பேசுபவர் எண்ணுவதும் இல்லை. புதிய செய்தி ஒன்றைச் சொல்லத் தொடங்கும்போதும், உரிய சொல் வாராமல் தடுமாறும்போதும், வெளிப்படக் கூற இயலாததைக் குறிப்பால் உணர்த்தும்போதும், சினந்து மறுக்கும்போதும் இத்தொடரே வருகிறது.

ஆங்கிலப் புனைகதை, நாடகம், நேர்காணல், திரைப்பட உரையாடல் ஆகியவற்றைத் தமிழாக்குவோர் இதனைப் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றால் கையாளுகின்றனர். ஒன்று, ‘உங்களுக்குத் தெரியும்’ என நேராகப் பெயர்த்தல். மற்றொன்று, பொருளற்ற இடைநிரப்பி எனக் கருதி விட்டுவிடுதல். முன்னது சொல்லின் பொருளையே தொடரின் பொருளாகக் கொள்கிறது. பின்னது சொற்பொருள் இல்லையாயின் எப்பொருளும் இல்லை என்று கொள்கிறது. எனவே இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு வடிவங்கள் எனலாம். இத்தொடரின் பொருள் அது பேச்சில் ஆற்றும் பணியே. அப்பணிக்குத் தமிழில் ஈடாக நிற்பது ஒரு தனிச்சொல் அன்று. வினாவடிவங்களும் ஒட்டிடைச்சொற்களும் சேர்ந்த ஓர் அமைப்பு. இவ்வமைப்பை விளக்குவதும், அதனைப் புறக்கணிப்பதால் மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வுப் பின்னணி

பேச்சு செய்தியைத் தெரிவிப்பதற்கு மட்டும் உரியதன்று என்பதை மாலினோவ்ஸ்கி 1923-இல் எடுத்துக்காட்டினார். மனிதர் ஒருவரோடு ஒருவர் உறவு பேணுவதற்காகவே பேசும் பேச்சும் உண்டு என்பது அவர் கருத்து. எனினும் ‘யூ நோ’ போன்ற தொடர்கள் தனி ஆய்வுக்கு உரியனவாகக் கருதப்பட்டது 1980-களில்தான். யான்-ஓலா ஏஸ்ட்மன் 1981-இல் இத்தொடர் ஒன்றைக் குறித்தே ஒரு நூல் வெளியிட்டார். டெபோரா ஷிஃப்ரின் 1987-இல் வெளியிட்ட கருத்தாடற் குறிப்பான்கள் பற்றிய நூலில் ஃபிலடெல்ஃபியா நகர மக்களின் உரையாடல்களை அடிப்படையாகக் கொண்டு பதினொரு குறிப்பான்களை ஆராய்ந்தார். அவற்றுள் இதுவும் ஒன்று. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே எது பொதுவாக அறியப்பட்டது என்பதை ஒழுங்குபடுத்துவது இதன் பணி என்றும், இதன் சொற்பொருள் அப்பணியில் முற்றும் மறைந்துவிடவில்லை என்றும் அவர் காட்டினார். ஃபாக்ஸ் ட்ரீ, ஷ்ராக் ஆகிய இருவரும் 2002-இல் எழுதிய கட்டுரையில், சொல்லப்பட்டதைக் கொண்டு சொல்லப்படாததைக் கேட்பவர் தாமே உய்த்துணருமாறு அழைப்பதே இத்தொடரின் அடிப்படைப் பொருள் என்றனர்.

‘நீ அறிவாய்’ என்பது கூற்று. ‘நீயே அறிந்துகொள், உடன் வா’ என்பது அழைப்பு. வடிவத்தால் கூற்றாக இருப்பது பணியால் அழைப்பாகிறது. நேர்பெயர்ப்பு கூற்றை மட்டும் கொண்டுவருகிறது. அழைப்பு மூலத்திலேயே நின்றுவிடுகிறது.

3. ஐவகைப் பணிகள்

மொழிபெயர்ப்பாளரின் தேவை நோக்கி இத்தொடரின் பணிகளை ஐந்தாகப் பகுக்கலாம். கீழ்வரும் எடுத்துக்காட்டுகள் விளக்கத்தின் பொருட்டு அமைக்கப்பட்டவை.

3.1 நினைவூட்டல். ‘தெருமுனையில் மருந்துக்கடை, யூ நோ, அதற்கு அடுத்த வீடு’ என்னும் பாங்கில் அமைவது. இங்குக் கேட்பவர் உண்மையிலேயே அறிந்த ஒன்று அவர் நினைவுக்குக் கொண்டுவரப்படுகிறது. தமிழர் இதனை ‘தெருமுனையில் ஒரு மருந்துக்கடை இருக்கிறதே, அதற்கு அடுத்த வீடு’ என்பர். பேச்சு வழக்கில் ‘இருக்குல்ல’ என வரும். வினைமுற்றோடு சேர்ந்த ஏகாரமே ‘யூ நோ’வின் பணியை முழுதும் ஆற்றிவிடுகிறது. ‘உங்களுக்குத் தெரியும், தெருமுனையில் மருந்துக்கடை’ என எழுதினால் கேட்பவரின் அறிவைப் பற்றிய வேண்டாத கூற்று ஒன்று இடையில் புகும்.

3.2 அறிவித்தல். தொடரின் முதலில் நின்று புதுச்செய்திக்குத் தோற்றுவாய் செய்வது. ‘யூ நோ, அந்த வீடு எனக்குப் பிடித்ததே இல்லை’ என்பது போல்வது. கேட்பவர் இதனை அறியார். அறியாமையே இதனைச் சொல்வதற்குக் காரணம். ‘அந்த வீடு எனக்குப் பிடித்ததே இல்லை, தெரியுமா’ என்பதும், ‘ஒன்று சொல்லட்டுமா’ எனத் தொடங்குவதும் தமிழ் வழக்கு. இதற்கு நெருங்கிய உறவுடையது ‘யூ நோ வாட்’ என்னும் வினா. குழந்தைகள் பெரியோரிடம் பேச்சைத் தொடங்க இவ்வினாவைக் கையாள்வதை ஹார்வி சாக்ஸ் 1972-இல் வெளியான கட்டுரையில் சுட்டிக்காட்டினார். இதற்கு விடை ‘என்ன’ என்னும் மறுவினா. அவ்வாறு வினவப்பட்டதும் விடைகூறும் கடமையால் குழந்தைக்குப் பேசும் உரிமை கிடைத்துவிடுகிறது. தமிழ்க் குழந்தையின் ‘அப்பா, ஒண்ணு தெரியுமா’ என்பதும் இதே தன்மையது.

3.3 சொல் தேடல். உரிய சொல் வாராத இடத்துப் பேச்சு முறியாமல் காப்பது. தமிழில் ‘வந்து’, ‘இந்த’, ‘என்னமோ சொல்வார்களே’ ஆகியன இவ்விடத்து வரும். இவற்றுள் வேறுபாடு உண்டு. ‘வந்து’ என்பது பேசும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும். கேட்பவரிடம் உதவி கோராது. ‘சொல்வார்களே’ என்பது உதவி கோரும். கேட்பவர் அச்சொல்லை எடுத்துக் கொடுக்கலாம். ‘யூ நோ’ இரண்டையும் செய்யவல்லது. எனவே எதனைச் செய்கிறது எனத் தெளிந்த பின்னரே தமிழ்ச் சொல்லைத் தேர்தல் வேண்டும்.

3.4 சொல்லாமல் உணர்த்தல். ‘அவர் கொஞ்சம், யூ நோ’ எனத் தொடர் முடியாமலே நிற்பது. இங்குச் சொல் கிடைக்காமை இல்லை. சொல்ல விரும்பாமையே உள்ளது. இடக்கரடக்கலின்பாற் படுவன இவ்வகையில் மிகுதி. ‘அவர் ஒரு மாதிரி’, ‘அதுதான்’, ‘புரிகிறதல்லவா’ என்பன தமிழில் பொருந்தும். இவ்விடத்து ‘உங்களுக்குத் தெரியும்’ என்று பெயர்ப்பின், பேசுபவர் கேட்பவரைக் குற்றத்தில் பங்காளியாக்குவதாகவும் பொருள்படக்கூடும்.

3.5 வலியுறுத்தலும் மறுத்தலும். தொடரின் இறுதியில் இறங்குதொனியோடு வருவது. ‘நான் செவிடனில்லை, யூ நோ’ என்பதில் அறிவித்தலும் இல்லை, நினைவூட்டலும் இல்லை, கண்டனமே உள்ளது. தமிழர் இதனை ‘நான் ஒன்றும் செவிடனில்லை’ என்பர். ‘ஒன்றும்’ என்னும் சொல்லே கண்டனத்தைச் சுமக்கிறது. ‘அவன் உன் பிள்ளையுந்தானே’, ‘நானும் படித்தவனாக்கும்’ என்பனவும் இவ்வகையின. ஆங்கிலத்தில் இறுதியில் நிற்கும் தொடரின் பணி, தமிழில் தொடரின் நடுவில் ஒரு சொல்லாகவோ பெயரோடு சேர்ந்த ஒட்டாகவோ இடம்பெயர்கிறது என்பது இங்குக் கருதத்தக்கது.

பேச்சில் இவ்வைந்தையும் வேறுபடுத்துவது பெரும்பாலும் தொனியே. அச்சிட்ட உரையில் தொனி இல்லை. ஆயின் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு துணை உண்டு. அது அடுத்துப் பேசுபவரின் மறுமொழி. ‘ஆமாம்’ என்று வரின் நினைவூட்டல். ‘அப்படியா’, ‘என்ன’ என்று வரின் அறிவித்தல். விடுபட்ட சொல்லை மற்றவர் எடுத்துக் கொடுப்பின் சொல் தேடல். மௌனமோ சிரிப்போ தொடரின் சொல்லாமல் உணர்த்தல். மன்னிப்போ எதிர்வாதமோ தொடரின் மறுத்தல். இச்சோதனை எல்லா இடத்தும் முடிவான விடை தாராது எனினும், அகராதியை மட்டும் நோக்குவதினும் மிகுந்த பயனுடையது.

4. தமிழ் இலக்கண மரபு காட்டும் வழி

வினைச்சொல் தன் பொருள் குன்றிப் பேச்சுறுப்பாக மாறுதல் தமிழ் இலக்கணிகளுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இடையியல் மியா, இக, மோ, மதி, இகும், சின் என்னும் ஆறனையும் முன்னிலை அசைச்சொற்கள் என வகுக்கிறது. கேட்பவரை நோக்கிய பேச்சில் வரும் அசைகளைத் தனியே பிரித்தெண்ணியது இங்கு நோக்கத்தக்கது. ‘கேண்மதி’ என்பதில் ‘மதி’ செய்தி எதனையும் சேர்க்கவில்லை. ஆயினும் கேட்பவர் முன்னே இருக்கிறார் என்னும் உணர்வு அதனால் நிற்கிறது.

எச்சவியல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கண்டீர், கொண்டீர், சென்றது, போயிற்று ஆகிய வினைமுற்றுகள் வினாவொடு பொருந்தி நிற்கும்போது அசைச்சொல்லாகும் என்பது அங்குக் கூறப்படும் விதி. அதனை அடுத்து, கேட்டை, நின்றை, காத்தை, கண்டை என்பனவும் முன்னிலைப் பொருளை உணர்த்தாத இடத்து அவ்வியல்பினவாம் என்று கூறப்படுகிறது. காண்டலும் கேட்டலும் அறிவுக்கு வாயிலாகும் வினைகள். ‘நீர் கண்டீர்’ என்பது ‘நீர் அறிந்தீர்’ என்பதற்கு மிக அண்மையது. எனவே ‘யூ நோ’வின் தன்மையை ஒத்த ஒரு மாற்றத்தைத் தமிழ் இலக்கண மரபு முன்னரே கண்டு பெயரிட்டிருக்கிறது எனலாம்.

இவ்விரு விதிகளிலிருந்தும் இரண்டு அளவுகோல்கள் கிடைக்கின்றன. முதலாவது, முன்னிலை வடிவம் முன்னிலைப் பொருளை இழந்துள்ளதா என்பது. இரண்டாவது, வினாவின் சேர்க்கை. இக்கால வழக்கிலும் இவ்வகை மாற்றத்தில் ஓங்கி நிற்பது வினாவடிவமே. ‘தெரியுமா’, ‘பார்த்தீர்களா’, ‘கேட்டீர்களா’, ‘அல்லவா’, ‘இல்லையா’ ஆகியன யாவும் வடிவத்தால் வினா. பணியால் வினா அல்ல. ‘பார்த்தீர்களா, நான் சொன்னது நடந்துவிட்டது’ என்பவர் விடை எதிர்பார்ப்பதில்லை.

ஆங்கிலம் கூற்று வடிவத்தைப் பேச்சுறுப்பாக்கிய இடத்தில் தமிழ் வினா வடிவத்தைப் பேச்சுறுப்பாக்கியிருக்கிறது என்பதே இவ்வொப்பீட்டின் முடிவு. ‘உங்களுக்குத் தெரியும்’ என்னும் பெயர்ப்பு தமிழ்ச் செவிக்கு அயலாக ஒலிப்பதற்குக் காரணமும் இதுவே. அதில் உள்ள சொற்கள் தமிழ்ச் சொற்களே. ஆயின் வெறுங் கூற்று அப்பணிக்குத் தமிழில் பயின்று வருவதில்லை. உண்மையிலேயே கேட்பவர் அறிந்த ஒன்றைக் குறிக்குமிடத்தும் தமிழர் ‘உங்களுக்குத்தான் தெரியுமே’ என ஏகாரம் சேர்ப்பர். அல்லது ‘உங்களுக்குத் தெரியாததா’ என வினாவாக்குவர்.

அசை என்றதனால் அது வேண்டாதது என்று கொள்ளுதலும் பொருந்தாது. செய்யுளில் அசையை நீக்கினால் யாப்புச் சிதையும். உரையாடலில் நீக்கினால் உறவு சிதையும். ‘நான் ஒன்றும் செவிடனில்லை’ என்பதில் ‘ஒன்றும்’ என்பதை நீக்கினால் எஞ்சுவது ஒரு மருத்துவச் செய்தியே.

5. முன்னிலையும் மரியாதையும்

ஆங்கிலத்தில் ‘யூ’ என்பது ஒன்றே. மன்னருக்கும் மகனுக்கும் அதுவே. தமிழில் நீ, நீர், நீங்கள் என்னும் வேறுபாடு உண்டு. எனவே ‘உனக்குத் தெரியும்’, ‘உங்களுக்குத் தெரியும்’ என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய கட்டாயம் நேர்பெயர்ப்பில் ஏற்படுகிறது. மூலத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்து முறை ‘யூ நோ’ வரின், பத்து முறை மரியாதை நிலை அறிவிக்கப்படும். மூலத்தில் இல்லாத ஓர் அழுத்தம் இதனால் பெயர்ப்பில் நுழைகிறது.

தமிழின் இயல்பான வடிவங்கள் இச்சிக்கலைத் தாமே தவிர்க்கின்றன. ‘தெரியும்’ என்பது இடத்துக்கேற்ப விகுதி மாறாத வினை. அறிபவர் நான்காம் வேற்றுமையில் வருவார். அவரைக் கூறாமலும் விடலாம். ஆகவே ‘தெரியுமா’ என்பது மரியாதை நிலையில் நொதுமலானது. ஏகாரம், ‘தானே’, ‘அல்லவா’ ஆகியனவும் அத்தகையன. உறவு நிலையைக் காட்ட வேண்டிய இடத்து ‘தெரியுமாடா’, ‘தெரியுமாம்மா’, ‘தெரியுங்களா’ என விரித்துக்கொள்ளலாம். ‘பார்’, ‘பாருங்கள்’ என்பன மாறாக மரியாதையை எப்போதும் வெளிப்படுத்துவன. நண்பர் இருவர் பகைவராகும் காட்சியிலோ, மேலதிகாரி பணியாளரிடம் நெருங்கிப் பேசும் காட்சியிலோ, மொழிபெயர்ப்பாளர் நொதுமல் வடிவத்திலிருந்து வெளிப்படை வடிவத்துக்கு மாறுவதன் வாயிலாக மூலத்தின் தொனி மாற்றத்தை உணர்த்தவும் கூடும்.

பெனலபி பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் ஆகியோர் 1978-இல் வெளியிட்டு 1987-இல் நூலாக்கிய மொழிப் பணிவுக் கொள்கை, ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்தால், கோவை மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழ் ஆகிய மூன்று மொழிகளின் தரவுகளை முதன்மையாகக் கொண்டு எழுந்தது. பணிவைக் காட்டும் உத்திகள் மொழிகளுக்குப் பொது. அவற்றை வெளிப்படுத்தும் வடிவங்கள் மொழிதோறும் வேறு என்பது அதனால் பெறப்படும். மொழிபெயர்ப்பாளர் பின்பற்ற வேண்டியது உத்தியையே, வடிவத்தை அன்று.

6. பிழையின் விளைவுகள்

இத்துணைச் சிறிய தொடருக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமா என வினவலாம். விளைவுகள் சிறியன அல்ல.

முதலாவது, பாத்திரத்தின் இயல்பு மாறிவிடுகிறது. ராபின் லேக்காஃப் 1975-இல் பெண்களின் ஆங்கிலப் பேச்சில் தயக்கச் சொற்கள் மிகுதி என்றும், அவை உறுதியின்மையைக் காட்டுவன என்றும் எழுதினார். ‘யூ நோ’வும் அத்தகைய சொல்லாகவே கருதப்பட்டு வந்தது. ஜேனட் ஹோம்ஸ் 1986-இல் நியூசிலாந்துப் பேச்சுத் தரவுகளைக் கொண்டு இதனை மறுபரிசீலனை செய்தார். உறுதியைக் காட்டும் ‘யூ நோ’ வேறு, உறுதியின்மையைக் காட்டும் ‘யூ நோ’ வேறு எனப் பிரித்த அவர், பெண்கள் உறுதியைக் காட்டவே இதனை ஆண்களினும் மிகுதியாகக் கையாண்டனர் எனக் கண்டார். பெண் பாத்திரம் ஒன்று ‘யூ நோ’ என்னுந்தோறும் ‘வந்து’ என்றும் மூன்று புள்ளிகள் இட்டும் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், உறுதியாகப் பேசும் ஒருத்தியைத் தயங்கி நிற்பவளாக மாற்றிவிடுகிறார். ‘ஆக்கும்’, ‘தானே’ எனப் பெயர்க்க வேண்டிய இடத்தில் ‘வந்து’ எனப் பெயர்ப்பது சொற்பிழை மட்டும் அன்று. ஆளைப் பற்றிய பிழை.

இரண்டாவது, சாட்சியத்தின் நம்பகத்தன்மை குறைகிறது. தயக்கச் சொற்கள் மிகுந்த சாட்சியத்தைக் கேட்போர் குறைவாகவே நம்புகின்றனர் என்பதை வில்லியம் ஓபார் 1982-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அமெரிக்க நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் சேர்க்கும் அல்லது நீக்கும் சிறு சொற்கள், சாட்சி கூறுபவரைப் பற்றிய மதிப்பீட்டையே மாற்றுகின்றன என்பதை சூசன் பெர்க்-செலிக்சன் 1990-இல் விளக்கினார். வாக்குமூலம் ஒன்றில் ‘யூ நோ’ என்பது ‘உங்களுக்குத் தெரியும்’ எனப் பெயர்க்கப்படின், விசாரிப்பவர் அச்செய்தியை முன்னரே அறிந்திருந்தார் என்னும் புதுச்செய்தி பதிவாகிவிடும். சாட்சி அவ்வாறு கூறவே இல்லை.

மூன்றாவது, ‘யூ நோ’ என்பதையே தமிழ் எழுத்தில் எழுதிவிடும் வழக்கம். மூலத்துக்கு உண்மையாக இருப்பதாக இது தோன்றும். ஆயின் தமிழ் உரையாடலில் ‘யூ நோ’ என்பது ஆங்கிலக் கல்வியும் நகர வாழ்வும் உடையவரின் அடையாளம். இலண்டன் துறைமுகத் தொழிலாளி ஒருவர் தமது தாய்மொழியில் இயல்பாகச் சொன்ன தொடர், தமிழ்ப் பக்கத்தில் அவரைச் சென்னையின் ஆங்கிலம் கற்ற வகுப்பினராக ஒலிக்கச் செய்கிறது. சொல் மாறவில்லை, அதன் சமூகப் பொருள் தலைகீழாகிவிட்டது. தமிழ்ப் பாத்திரமே ஆங்கிலம் கலந்து பேசுவதாக அமைந்த இடத்தில் மட்டும் இது பொருந்தும்.

நான்காவது, எண்ணிக்கை பற்றியது. மூலத்தில் வரும் ஒவ்வொரு ‘யூ நோ’வையும் பெயர்த்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆயின் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் உரிய பேச்சுப் பழக்கமாக ஒரு தொடர் அமையின், அதனை முற்றும் நீக்குவது அப்பாத்திரத்தின் குரலை நீக்குவதாகும். சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலின் மொழியை டொனால்ட் காஸ்டெல்லோ 1959-இல் ஆராய்ந்து, கதைசொல்லும் இளைஞன் திரும்பத் திரும்பக் கையாளும் தளர்ந்த பேச்சுத் தொடர்களே அவனது தனித்தன்மைக்கு அடிப்படை எனக் காட்டினார். இத்தகைய இடங்களில் தமிழில் ஓரிரு வடிவங்களைத் தேர்ந்து அப்பாத்திரத்துக்கே உரியனவாக வைத்து, பிறருக்கு வழங்காமல் காத்தல் தக்க வழி. இடத்துக்கு இடம் ஒத்துவராவிடினும் குரல் ஒத்துவரும்.

7. முடிவுரை

‘யூ நோ’ என்பதற்குத் தமிழில் ஈடு இல்லை என்பதும், ‘உங்களுக்குத் தெரியும்’ என்பதே ஈடு என்பதும் ஒருங்கே தவறானவை. ஏகாரம், தானே, அல்லவா, தெரியுமா, பாருங்கள், ஒன்றும், ஆக்கும், வந்து, அதுதான் ஆகிய யாவும் இடத்துக்கேற்ப அதற்கு ஈடாவன. இவற்றைப் பொதுமைப்படுத்தும் பண்பு, கேட்பவரைப் பேச்சுக்குள் அழைத்து நிறுத்துவதே.

இதனால் அகராதிக்கு ஒரு பணி உள்ளது. 1992-இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இடைச்சொல்லைத் தனி இலக்கண வகையாகக் குறித்து வழக்கை விளக்கும் முறையைக் கையாண்டது. அம்முறையை ஆங்கில - தமிழ் அகராதிகளும் பின்பற்றுதல் நலம். பேச்சுத் தொடருக்குச் சொற்பொருள் தருவதோடு நில்லாமல், அது நிற்கும் இடம், தொனி, எதிர்பார்க்கும் மறுமொழி ஆகியவற்றைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் உரிய தமிழ் வடிவத்தைத் தனித்தனியே தருவதே பயனுடைய பதிவாகும். ‘ஐ மீன்’, ‘வெல்’, ‘ஐ’ம் அஃப்ரெய்ட்’ போன்ற பிற தொடர்களும் இவ்வாறே ஆராயப்பட வேண்டியன.

அதுவரை மொழிபெயர்ப்பாளர் தம் செவியையே துணையாகக் கொள்ளலாம். ஆங்கிலத் தொடரைப் படித்த பின் ‘இச்சொல்லுக்குத் தமிழ் என்ன’ என வினவுவதற்கு மாறாக, ‘இந்நிலையில் நிற்கும் தமிழர் என்ன சொல்வார்’ என வினவினால், விடை பெரும்பாலும் ஓர் ஏகாரமாகவே இருக்கும்.